சட்டையைக் காட்டு: பிள்ளைகளுக்குக் கதை படிக்கக் கற்றுக்கொடுப்பது



நமது அறக்கட்டளையின் மாலை நேர வகுப்பில் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தமிழ் விடைத்தாள்களை இந்த முறை மொத்தமாக எடுத்து வைத்துப் பார்த்தோம். கதைமாந்தர் ஒருவரைப் பற்றி எழுதச் சொல்லும் கேள்விக்கு ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஒரே விடை. "அவர் நல்லவர். இரக்க குணம் உடையவர். நாமும் அவரைப் போல் வாழ வேண்டும்." பெயரை மட்டும் மாற்றினால் உலகத்தில் உள்ள எந்தக் கதைக்கும் இந்த விடை பொருந்தும். கதை நடக்கும் இடத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "இக்கதை ஒரு கிராமத்தில் நடைபெறுகிறது" என்று ஒற்றை வரி. கையெழுத்து அழகாக இருக்கிறது, பிழையும் குறைவு. கதையைப் படித்ததற்கான தடயம்தான் இல்லை.

பெற்றோர்கள் பெரும்பாலும் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆங்கிலத்துக்கும்தான் டியூஷன் கேட்கிறார்கள். தமிழ் தன்னால் வந்துவிடும் என்பது நம்பிக்கை. வராது என்பது விடைத்தாளைப் பார்த்தால் தெரியும். பத்தாம் வகுப்புத் தமிழில் விரிவான விடை ஒவ்வொன்றுக்கும் 8 மதிப்பெண். அதில் மூன்று, நான்கு என்று இழந்துகொண்டே வந்தால் மொத்தத்தில் அது பெரிய பள்ளம். மற்ற ஊர்களில் பத்தாம் வகுப்பில் சறுக்கிய பிள்ளைக்கு வீட்டில் இன்னும் ஒரு வருடம் கொடுப்பார்கள். நம் ஊரில் மறுமாதமே கைமடிக்கவோ, பிசிறு வெட்டவோ, அடுக்கிக் கட்டவோ ஆள் வேண்டும் என்று பக்கத்துக் கம்பெனியிலிருந்து சொல்லி அனுப்பிவிடுவார்கள். சனிக்கிழமை கையில் சம்பளம் வந்த பிறகு, அந்தப் பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கு அழைத்து வருவது எவ்வளவு கடினம் என்பதை நமது கல்விக் குழுவினர் நன்றாக அறிவார்கள்.

ஆகவே, சிறுகதையில் கதைமாந்தரையும் களத்தையும் பார்ப்பது எப்படி என்பதை இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். வகுப்பெடுக்கும் தன்னார்வலர்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் பிள்ளையை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லும் அம்மாக்களுக்கும் அத்தாமார்களுக்கும் இது பயன்படும்.

முதலில் ஒரு தயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "கதை என்றால் கற்பனைதானே ஹஜ்ரத், அதில் பிள்ளைகளின் நேரத்தை ஏன் செலவழிக்க வேண்டும்?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தில் கேட்கிற கேள்விதான். நாவல்களுக்கும் சிறுகதைகளுக்கும் திருக்குர்ஆன் சொல்லும் வரலாறுகளுக்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். நபிமார்களைக் கதைமாந்தர் என்று அழைப்பது அதபு ஆகாது. ஆனால் ஒரு மனிதரின் குணத்தை எதைக் கொண்டு முடிவு செய்வது என்ற முறையை யூசுஃப் அத்தியாயத்திலிருந்தே கற்றுக்கொள்ளலாம். வரலாறுகளில் மிக அழகானது என்ற முன்னுரையோடு தொடங்கும் 111 வசனங்கள் கொண்ட அத்தியாயம் அது.

அதில் ஒரு சட்டை மூன்று முறை வருகிறது. சட்டை தைத்து வாழும் ஊர்க்காரர்களான நாம் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. சகோதரர்கள் பொய் இரத்தம் பூசிக் கொண்டுவந்த சட்டை முதலாவது. ஓநாய் கடித்துத் தின்ற பிள்ளையின் சட்டை கிழியாமல் இருக்குமா என்று விரிவுரையாளர்கள் அங்கே கேட்கிறார்கள். கடைசிச் சட்டை தந்தையின் முகத்தில் போடப்பட்டு அவருக்குப் பார்வை திரும்புகிறது. நமக்கு இப்போது வேண்டியது நடுவில் உள்ள சட்டை. எகிப்திய அதிகாரியின் வீட்டில் யூசுஃப் நபி (அலை) அவர்கள் மீது பழி விழுகிறது. அங்கே ஒருவர் சொல்லும் தீர்ப்பு முறை இதுதான்: சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அந்தப் பெண் சொல்வது உண்மை, பின்புறம் கிழிந்திருந்தால் இவர் சொல்வது உண்மை. சட்டையைப் பார்க்கிறார்கள். பின்புறம் கிழிந்திருக்கிறது (12:26-28). யார் நல்லவர் என்று அங்கே யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை. துணி எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்த்தார்கள், அதிலிருந்து முடிவுக்கு வந்தார்கள்.

எங்கள் வகுப்பில் இதை ஒரு வழக்காகவே ஆக்கிக்கொண்டோம். ஒரு பிள்ளை எழுந்து "அவர் ரொம்ப நல்லவர் சார்" என்றால், மற்ற பிள்ளைகள் "சட்டையைக் காட்டு" என்பார்கள். கதையில் அவர் செய்த ஒரு காரியத்தையோ, சொன்ன ஒரு சொல்லையோ, சொல்லாமல் விட்ட ஒன்றையோ எடுத்துக் காட்டினால்தான் "நல்லவர்" என்ற சொல் கரும்பலகையில் ஏறும்.

இனி கதைக்கு வருவோம். பாடமாக நாங்கள் எடுத்துக்கொண்டது பிரேம்சந்த் எழுதிய 'ஈத்கா'. 1933-ல் வந்த கதை. பிரேம்சந்த் (1880-1936) காசிக்கு அருகே லம்ஹி கிராமத்தில் பிறந்தவர். தன்பத் ராய் என்பது இயற்பெயர். முஸ்லிம் அல்லர். ஆனால் இளமையில் ஒரு மௌலவியிடம் உருதுவும் பாரசீகமும் படித்தவர், முதலில் உருதுவில்தான் எழுதினார். சிறு வயதிலேயே தாயை இழந்தவர் என்பதும் இந்தக் கதையைப் படிக்கும்போது நினைவில் இருக்கட்டும். நம் பகுதியில் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களில் பலருக்கு இது சொந்த ஊர்க் கதை.

கதை இவ்வளவுதான். ஹாமித் என்ற நான்கைந்து வயதுப் பையன். தாயும் தந்தையும் இறந்துவிட்டார்கள். பாட்டி அமீனாதான் வளர்க்கிறாள். அத்தா சம்பாதிக்கப் போயிருக்கிறார், அம்மா அல்லாஹ்வின் வீட்டுக்குப் போயிருக்கிறார், நிறையப் பொருள்களோடு வருவார்கள் என்று பையன் நம்பிக்கொண்டிருக்கிறான். பெருநாள் காலையில் ஊர்ப் பிள்ளைகளோடு மூன்று கோஸ் தூரம் நடந்து நகரத்து ஈத்காவுக்குப் போகிறான். தொழுகை முடிந்ததும் சந்தை. மற்ற பையன்கள் ராட்டினம் ஏறுகிறார்கள், களிமண் பொம்மை வாங்குகிறார்கள், மிட்டாய் தின்கிறார்கள். ஹாமித் தன்னிடம் இருந்த மூன்று பைசாவுக்கு ஓர் இரும்பு இடுக்கி வாங்கி வருகிறான். ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல் சுடுகிறதே என்பதற்காக.

இங்கேயே நிறுத்தி "ஹாமித் எப்படிப்பட்டவன்?" என்று கேட்டால் "தியாக உள்ளம் கொண்டவன்" என்று விடை வந்துவிடும். அது தவறில்லை. ஆனால் அதை எழுதக் கதையைப் படிக்கத் தேவையில்லை, மேலே உள்ள சுருக்கமே போதும். அதனால் நாங்கள் களத்திலிருந்து தொடங்கினோம்.

களம் என்றால் ஊர்ப் பெயர் மட்டுமல்ல. எந்த இடம், எந்த நாள், அங்கே யாரிடம் எவ்வளவு காசு இருக்கிறது, யாரை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த இடத்தில் எது எளிது, எது கடினம் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் களம்.

முதல் இடம் அமீனாவின் வீடு. அவள் ஒருத்திக்குத் துணி தைத்துக் கொடுத்து எட்டணா வாங்கியிருக்கிறாள். அதைப் பெருநாளுக்கென்று காப்பாற்றி வைத்திருந்தாள். முந்தின நாள் பால்காரி வந்து நிற்கிறாள், கொடுக்க வேண்டியதாகிவிட்டது. மிச்சம் இரண்டணா. அந்தக் காலத்தில் ஓர் அணாவுக்கு நான்கு பைசா. ஆக எட்டு பைசா. மூன்று ஹாமிதின் பையில், ஐந்து அமீனாவின் சுருக்குப்பையில். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது பிள்ளைகளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற அம்மாவும், வாரக் கடைசியில் வாசலில் நிற்கிற பால் கணக்கும், மளிகைக் கணக்கும் அவர்கள் வீட்டில் இருக்கிறது. பிரேம்சந்த் இதை "அவர்கள் ஏழைகள்" என்று ஒரு வரியில் சொல்லிப் போயிருக்கலாம். சொல்லவில்லை, எண்ணிக் காட்டினார். அந்த மூன்று பைசா எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் அது எங்கே போகிறது என்பதற்கு எடை கூடும்.

அடுத்தது ஈத்கா. புளிய மரங்களின் நிழலில் வரிசை வரிசையாக மக்கள் நிற்கிறார்கள். பின்னால் வந்தவர் பின்னால்தான் நிற்க வேண்டும். பணம், பதவி என்று எதுவும் அங்கே செல்லாது. லட்சக்கணக்கான தலைகள் ஒன்றாகக் குனிகின்றன, ஒன்றாக நிமிர்கின்றன. இந்த இடத்தை எழுதியவர் தொழுகை வரிசையில் நின்றவர் அல்லர் என்பது நமக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அந்த வரிசையிலிருந்து பத்தடி தள்ளியே சந்தை தொடங்குகிறது. அங்கே எல்லோரும் சமமில்லை. மஹ்மூதிடம் பன்னிரண்டு பைசா, மோஹ்சினிடம் பதினைந்து. ராட்டினத்தில் ஒரு பைசாவுக்கு இருபத்தைந்து சுற்று. ஹாமித் தள்ளி நிற்கிறான். தன் கஜானாவில் மூன்றில் ஒரு பங்கை ஒரு சுற்றுக்காகக் கொடுக்க முடியாது என்று கணக்குப் போடுகிறான். சற்று முன் தோளோடு தோள் நின்ற பிள்ளைகளில் ஒருவன் இப்போது தனியாக நிற்கிறான். இந்த இரண்டு இடங்களையும் கதாசிரியர் ஏன் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார் என்று கேட்டோம். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சொன்ன விடை: "தொழுகையில காசு தேவையில்ல சார், அதனால அவன் அங்க அழகா இருந்தான்." இதைவிட நன்றாக எங்களால் சொல்ல முடியாது.

சந்தைக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. முதலில் ராட்டினம், பிறகு பொம்மை, பிறகு மிட்டாய், கடைசியில் இரும்புக்கடை. மூன்று ஆசைகளைத் தாண்டி மூன்று பைசாவும் குறையாமல் இரும்புக்கடைக்கு வந்து சேர்கிறான். இரும்புக்கடை முதலில் இருந்திருந்தால் கதை வேறு. இதுதான் களமும் கதைமாந்தரும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இடம். தன்னார்வலர்களுக்கு எங்கள் பரிந்துரை: இடத்தையோ காசையோ ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, அப்போது அந்த மனிதரின் செயல் அதே எடையோடு நிற்குமா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஹாமிதிடம் பதினைந்து பைசா இருந்தால்? நண்பர்கள் யாரும் கூட வராமல், சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் பாட்டியோடு கடைக்குப் போயிருந்தால்? இடுக்கி அதே இடுக்கிதான். அதை வாங்கியதில் பேச ஒன்றும் இருக்காது.

இப்போது ஹாமிதிடம் வருவோம். அவன் ஒன்றும் ஆசையில்லாத பிள்ளை அல்லன். பொம்மைகளை மண் என்று இகழ்கிறான், கீழே விழுந்தால் உடைந்துவிடும் என்கிறான். ஆனால் கண் அதன்மேல்தான் இருக்கிறது, ஒரு முறை கையில் வாங்கிப் பார்க்க நினைக்கிறான். மிட்டாய் தருவதுபோல் நீட்டிவிட்டுத் தானே தின்று சிரிக்கிற நண்பர்கள்மேல் கோபம் வருகிறது. தின்று வாய் புண்ணாகட்டும் என்று மனதுக்குள் திட்டுகிறான். கடைக்காரர் ஆறு பைசா என்று சொன்ன இடுக்கியை மூன்றுக்குப் பேரம் பேசுகிறான். வாங்கிய பிறகு அதைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு, என் இடுக்கி வீரன், உங்கள் பொம்மை எல்லாம் இதற்கு முன்னால் நிற்குமா என்று வாயடிக்கிறான். அந்த வாதத்தில் பாதி வெறும் சத்தம்தான். ஆனாலும் ஜெயித்துவிடுகிறான்.

"தியாக உள்ளம்" என்ற ஒற்றைச் சொல்லில் இந்தப் பையன் அடங்குவானா? ஆசை, பொறாமை, கோபம், கணக்கு, பெருமை எல்லாம் உள்ள குழந்தை, அவ்வளவையும் வைத்துக்கொண்டு பாட்டியின் விரலை நினைத்தான். தேர்வில் இதை இப்படி எழுதுகிற பிள்ளைக்கு எந்த ஆசிரியரும் மதிப்பெண்ணைக் குறைக்க மனம் வராது.

அமீனாவையும் விட்டுவிடக் கூடாது. பெருநாளும் அதுவுமாகப் பகல் வரை எதுவும் தின்னாமல் குடிக்காமல் இரும்பை வாங்கி வந்திருக்கிறானே என்று முதலில் திட்டுகிறாள். நம் வீட்டு நன்னியும் நானியும் அதைத்தான் செய்வார்கள். பிறகு காரணத்தைக் கேட்டதும் அழுகிறாள். அவள் ஏன் அழுகிறாள் என்று ஹாமிதுக்குப் புரியவில்லை. பாட்டி பேத்தியாகவும் பேரன் பாட்டனாகவும் அந்த நொடியில் இடம் மாறிவிடுகிறார்கள். இந்தப் பகுதியை வகுப்பில் விளக்காதீர்கள். வாசித்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள்.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் விரிவானப் பகுதியில் உள்ள கு. அழகிரிசாமியின் 'ஒருவன் இருக்கிறான்' கதைக்கும் இதே முறைதான். அழகிரிசாமி (1923-1970) கோவில்பட்டி அருகே இடைசெவலைச் சேர்ந்தவர். அவர் மறைந்த 1970-லேயே அவரது 'அன்பளிப்பு' தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது அளிக்கப்பட்டது. இந்தக் கதையில் களம் சென்னையில் ஓர் ஒட்டுக்குடித்தனம். நம் ஊர் லைன் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பது சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுத் தங்கவேலுவிடம் காஞ்சிபுரத்திலிருந்து நோயோடு வந்து சேர்கிறான் உறவுக்காரன் குப்புசாமி. கதையைச் சொல்பவருக்கு அவனைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. யாரும் இல்லாதவன், ஒன்றுக்கும் உதவாதவன் என்று எண்ணுகிறார்.

இங்கே பிள்ளைகள் தவற விடுவது ஒன்று உண்டு. கதை சொல்பவரும் ஒரு கதைமாந்தர்தான். அவர் கண் வழியாகத்தான் குப்புசாமியைப் பார்க்கிறோம், அந்தக் கண்ணில் ஒரு கறை இருக்கிறது. அவர் சொல்வதை எல்லாம் அப்படியே நம்பி எழுதினால் குப்புசாமியைப் பற்றித் தவறாக எழுதுவோம். ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொன்னதை வைத்து முடிவு கட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதை ஜமாஅத் பஞ்சாயத்துகளில் உட்கார்ந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வீரப்பன் என்ற நண்பன் கதைக்குள் ஒரு முறைகூட நேரில் வருவதில்லை. ஊரிலிருந்து ஒருவர் கையில் ஒரு கடிதமும் மூன்று ரூபாயும் வருகின்றன. அதுவும் கடன் வாங்கிய மூன்று ரூபாய். பார்க்க வர ஆசை. ஆனால் பஸ்ஸுக்கு ஆகும் காசு நண்பனுக்கு உதவுமே என்று வராமல் இருந்துவிட்டான். வராமல் போனதே அவன் அன்புக்கு அடையாளமாகிறது. கடிதம் கொண்டுவந்தவரும் தன் பங்காக ஒரு ரூபாயும், பிள்ளைக்கு வாங்கிய சாத்துக்குடியில் இரண்டையும் எடுத்துக் கொடுக்கிறார். "நேரில் வராத ஒருவரின் குணத்தை எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேளுங்கள். "சட்டையைக் காட்டு" என்றால் பிள்ளைகள் அந்த மூன்று ரூபாயைக் காட்டுவார்கள். கதையின் தலைப்பு யாரைக் குறிக்கிறது என்பதும் அப்போது விளங்கும்.

வகுப்பு நடைமுறையைப் பற்றிச் சில சொற்கள். கதையை முதலில் ஒரே மூச்சில் சத்தமாக வாசிக்க வேண்டும். இடையில் கேள்வி கூடாது. பிறகு கரும்பலகையில் மூன்று பத்தி: என்ன செய்தார், எந்த இடத்தில் என்ன நிலையில் செய்தார், ஆகவே எப்படிப்பட்டவர். மூன்றாம் பத்தியைக் கடைசி வரை காலியாக விடுங்கள். "இந்தக் கதையின் நீதி என்ன?" என்ற கேள்வியை அன்றைக்குக் கேட்காமலே விட்டாலும் குற்றமில்லை. நீதியைக் கேட்டவுடன் பிள்ளைகள் கதையை மூடிவிடுகிறார்கள். இது மதரஸாவிலும் கல்லூரியிலும் நாங்கள் பார்த்தது.

வீட்டில் இருப்பவர்களுக்குப் புத்தகம்கூட வேண்டாம். கம்பெனியில் இன்று என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லும்போது, "மேஸ்திரி கெட்டவர்" என்று முடிக்காமல், அவர் என்ன செய்தார், எந்த நேரத்தில், ஷிப்மெண்ட் அவசரத்திலா, சாதாரண நாளிலா என்று சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் அம்மா வேலை செய்யும் அயர்ன் டேபிளைப் பற்றி அரைப் பக்கம் எழுதி வந்தாள். மின்விசிறி போட்டால் துணி பறக்கும் என்று அதை நிறுத்தி வைத்திருப்பார்களாம்; அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே கையைத் தனியாக ஒரு துணியில் துடைத்த பிறகுதான் வெள்ளைப் பனியனைத் தொடுவாளாம். அம்மாவைப் பற்றி ஒரு குணச்சொல்கூட அந்த அரைப் பக்கத்தில் இல்லை. தேவைப்படவும் இல்லை.

அடுத்து எடுக்கவிருக்கும் கதை அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்கும் ஓர் ஏழை வீடும், அங்கே வந்து சேரும் ஓர் அநாதைச் சிறுவனும். துணியில் வாழும் ஊர்ப் பிள்ளைகள் அதை எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறோம்.

வகுப்பு இன்ஷா அல்லாஹ் ஞாயிற்றுக்கிழமைகளில் லுஹர் தொழுகைக்குப் பின் அறக்கட்டளைக் கட்டடத்தின் மாடியில் நடைபெறும். பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை உண்டு. அந்தப் பிரிவுக்குத் தமிழில் பட்டம் படித்த சகோதரிகள் இருவர் தேவைப்படுகிறார்கள். ஞாயிறும் வேலை இருக்கும் பிள்ளைகளுக்காக வியாழன் இரவு இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். வீட்டில் படித்து முடித்த சிறுகதைத் தொகுப்புகள் இருந்தால் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, உள்ளே பக்கங்கள் இருந்தால் போதும்.